9,214 ஃபைல், ஒரே ராத்திரி: எங்க வீட்டுக்கு நான் எழுதின ஆர்.சி.ஏ.

ஆபீஸ்ல புரொடக்‌ஷன்ல (கஸ்டமர் பயன்படுத்துற சிஸ்டத்துல) ஏதாவது விழுந்துச்சுன்னா ரெண்டு நாளுக்குள்ள ஆர்.சி.ஏ. (ரூட் காஸ் அனாலிசிஸ், மூல காரணம் தேடுற அறிக்கை) எழுதிக் குடுக்கணும், எத்தனை மணிக்கு என்ன ஆச்சு, யாருக்கு பாதிப்பு, எதனால, இனிமே நடக்காம இருக்க என்ன பண்ணப் போறோம்னு. பதினோரு வருஷமா அத எழுதிட்டிருக்கேன். இந்தத் தடவை எழுதுறது வீட்டுக்கு. 2024 ஜூன் 8, சனிக்கிழமை ராத்திரி, எங்க பொண்ணு பொறந்ததுல இருந்து ரெண்டு வயசு தாண்டுற வரைக்கும் எடுத்த 9,214 ஃபைல் (போட்டோ 8,730, வீடியோ 484) மூணு இடத்துல இருந்தும் ஒண்ணா போச்சு. போனது எங்களுக்குத் தெரியவே பத்து நாள் ஆச்சு.

வீட்ல போட்டோவ இதே மாதிரி வச்சிருக்கிற அப்பாக்கள் நெறைய பேர் இருப்பாங்கன்னு எனக்கு நல்லா தெரியும், எங்க டீம்லயே நாலு பேர். அதனால நீளமாவே எழுதுறேன்.

செட்டப் எப்படி வந்துச்சு

கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1ல இருந்து அன்லிமிடெட் ஃப்ரீ ஸ்டோரேஜ நிறுத்திச்சு, அதுக்கப்புறம் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் எல்லாம் சேர்ந்து 15 ஜிபி. எங்க பொண்ணு பொறந்தது அந்த வருஷம் நவம்பர்ல. ஏற்கனவே என் 15 ஜிபி நிறைஞ்சு கெடந்துச்சு. காசு கட்டி இடம் வாங்கியிருக்கலாம், ஆனா நம்ம பிள்ளை போட்டோ நம்ம வீட்ல, நம்ம கையில இருக்கணும்னு ஒரு ஆசை. ஒரு ராஸ்பெர்ரி பை 4 (உள்ளங்கை சைஸ் கம்ப்யூட்டர், இனிமே வெறும் பை), அதுல 2 டெராபைட் யூ.எஸ்.பி. ஹார்ட் டிஸ்க், அதுக்கு மேல சிங்க்திங், ரெண்டு மெஷின்ல இருக்கிற ஃபோல்டர எப்பவும் ஒரே மாதிரி வச்சிருக்கிற சாஃப்ட்வேர். போன் வீட்டு வைஃபைல சேர்ந்த உடனே கேமரா ஃபோல்டர் தானா பைக்கு போயிடும். ஹால் ஷோகேஸ்ல ரவுட்டர் பக்கத்துல வச்சிருந்தேன். தொட்டிலுக்கு மேல மாட்டியிருந்த கேமராவும் அதே டிஸ்க்லதான் ரெக்கார்ட் பண்ணும்.

அப்போ எனக்கு அஞ்சு நாள் லீவ் குடுத்தாங்க. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் இருக்கு, பிரைவேட்ல அப்பாவுக்குன்னு சட்டம் எதுவும் இல்ல, கம்பெனி குடுக்கிறதுதான். ஆறாவது நாள் பெட்ரூம் கதவ சாத்திக்கிட்டு ஹெட்செட் மாட்டினேன். வொர்க் ஃப்ரம் ஹோம்தான், இருந்தாலும் பிள்ள ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தா. முதல் தடவை குப்புற விழுந்தது, முதல் பல்லு, வாய்ல இருந்து ராகிக்கூழ துப்பினது, பாதிய நான் நேர்ல பாக்கல. என் மனைவி எடுத்து வச்ச வீடியோலதான் ராத்திரி உக்காந்து பாத்தேன். இந்த ஃபோல்டர் எனக்கு என்னவா இருந்துச்சுன்னு புரியட்டும்னுதான் இதச் சொல்றேன். 2023ல அவளோட பழைய போன எக்ஸ்சேஞ்ச்ல குடுக்கிறதுக்கு முன்னாடி அதுல இருந்ததெல்லாம் என் போனுக்குதான் மாத்தினோம்.

2023 டிசம்பர் 3, 4 மிக்ஜாம் மழை. நாங்க பள்ளிக்கரணைல கிரவுண்ட் ஃப்ளோர். ஹால்ல முட்டி வரைக்கும் தண்ணி ஏறினப்ப நான் முதல்ல தூக்கினது பொண்ண, அடுத்து அந்த டப்பாவ, லாஃப்ட்ல ஏத்தி பிளாஸ்டிக் கவர் போட்டு மூடினேன். மூணு நாள் கரன்ட் இல்ல, அந்த இருட்டுல எனக்கு இருந்த ஒரே கவலை டிஸ்க் எந்திரிக்குமா எந்திரிக்காதாங்கிறதுதான். எந்திரிச்சுது. அந்த பயத்துலயே ஜனவரில ரெண்டாவது டிஸ்க் ஒண்ணு வாங்கி, தினம் ராத்திரி 2.30க்கு ஆர்சிங்க் (ஒரு டிஸ்க்ல இருக்கிறத இன்னொண்ணுக்கு காப்பி பண்ற டூல்) ஓடுற மாதிரி கிரான் (குறிச்ச நேரத்துக்கு தானா ஓட வைக்கிறது) போட்டேன், டெலீட் ஆப்ஷனோட, அதாவது முதல் டிஸ்க்ல இல்லாதத ரெண்டாவதுலயும் அழிச்சிடும். அந்த ஆப்ஷன் ஏன்னா, அது இல்லாம விட்டா பேர் மாத்தினது, ஃபோல்டர் மாத்தினது எல்லாம் ரெண்டு ரெண்டா சேர்ந்து டிஸ்க் குப்பையாயிடும், ரெண்டு பக்கமும் அச்சு அசலா இருக்கணும்னா அது வேணும். போன்ல ஒண்ணு, பைல ஒண்ணு, ரெண்டாவது டிஸ்க்ல ஒண்ணு, மூணு காப்பி. நிம்மதியா இருந்தேன்.

அந்த ராத்திரி

சனிக்கிழமை சாயங்காலம் பார்க்ல ஊஞ்சல். அவ முதல் தடவை யாரும் பிடிக்காம தனியா உக்காந்து ரெண்டு சங்கிலியையும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு "அப்பா எடு, எடு"ங்குறா. நான் கேமராவ அமுக்குறேன், ஸ்டோரேஜ் ஃபுல்னு வருது. 128 ஜிபி போன். ரெண்டு மூணு ஆப்ப அவசரமா தூக்கிட்டு நிமிர்றதுக்குள்ள அவ எறங்கிட்டா.

அன்னைக்கு ராத்திரி ஆபீஸ்ல ரிலீஸ், சாஃப்ட்வேரோட புது வெர்ஷன வெளிய விடுற வேலை. பதினோரு மணிக்கு கால் ஆரம்பிச்சுது, டேட்டாபேஸ் மைக்ரேஷன் ஓடுறதுக்கு நாப்பது நிமிஷம் காத்திருக்கணும். ரிலீஸ்ல உக்காந்தவங்களுக்கு அந்த நேரம் தெரியும், எந்திரிச்சும் போக முடியாது, பண்றதுக்கும் ஒண்ணும் இருக்காது. மியூட்ல போட்டுட்டு போன கையில எடுத்தேன். ஃபைல் மேனேஜர்ல போய் 2021 நவம்பர்ல இருந்து 2023 டிசம்பர் வரைக்கும் எல்லாத்தையும் செலக்ட் பண்ணி டெலீட், எல்லாம் பைல இருக்கேங்கிற தைரியம். இடம் உடனே வேணுமேன்னு ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணேன். 11.52.

போன் வைஃபைல இருந்துச்சு. ஃபோல்டர்ல ஃபைல் போயிடுச்சுன்னு சிங்க்திங் பாத்துச்சு, பைலயும் அதையே செஞ்சுது, சில நிமிஷத்துல. 2.30க்கு ஆர்சிங்க் எந்திரிச்சு ரெண்டாவது டிஸ்க்லயும் அதையே செஞ்சுது. எங்கயும் எரர் வரல, எந்த அலர்ட்டும் வரல. எல்லா சாஃப்ட்வேரும் சொன்ன வேலைய சொன்னபடி முடிச்சிருக்கு. ரிலீஸும் நல்லா போச்சு, மூணு மணிக்கு படுத்தேன்.

தெரிஞ்ச நாள்

ஜூன் 18, செவ்வாய். ராத்திரி தூங்குறதுக்கு முன்னாடி அவளுக்கு ஒரு பழக்கம், "குட்டி பாப்பா காட்டு"ம்பா. குட்டி பாப்பான்னா அவளேதான், ஆனா வேற யாரோ ஒரு பாப்பான்னு நெனச்சு அதுகிட்ட பேசுவா, அழுவாத அழுவாதன்னு ஸ்கிரீன தடவுவா. டேப்லெட்ல பை ஃபோல்டர தொறந்தேன். 2022 காலி. ரெஃப்ரெஷ் பண்ணேன், காலி. 2023 காலி.

"என்னங்க, வேற எங்கயாவது மாத்தி வச்சீங்களா, நல்லா பாருங்க"ன்னு என் மனைவி பக்கத்துல வந்து நின்னா. எனக்கு சனிக்கிழமை ராத்திரி அப்பவே ஞாபகம் வந்துடுச்சு, ஆனா வாய்ல இருந்து வார்த்தை வரல. பொண்ணு ரெண்டு தடவை "குட்டி பாப்பா எங்க"ன்னு கேட்டுட்டு தூங்கிட்டா.

இந்த இடத்துல பதினோரு வருஷ ஆன்கால் பழக்கம் காப்பாத்துச்சு. முதல்ல ரத்தத்த நிறுத்து, காரணமெல்லாம் அப்புறம். கிரான நிறுத்தினேன், ரெண்டாவது டிஸ்க்க அன்மவுன்ட் பண்ணி கேபிள கழட்டி பீரோல வச்சேன், பைய ஷட்டவுன் பண்ணேன், போன ஏரோபிளேன் மோட்ல போட்டேன். ஒரு ஃபைல் அழிஞ்சதுன்னா அது இருந்த இடம் காலின்னு டிஸ்க் குறிச்சு வச்சுக்குது, அவ்வளவுதான். உள்ள இருக்கிற டேட்டா அது மேல வேற ஏதாவது எழுதுற வரைக்கும் அங்கயே கெடக்கும். அதனால அடுத்து அந்த டிஸ்க்ல எழுதுற ஒவ்வொரு எழுத்தும் நமக்கு எதிரி. நிறைய பேர் இந்த நேரத்துல பதட்டத்துல ரெக்கவரி சாஃப்ட்வேர டவுன்லோட் பண்ணி அதே டிஸ்க்லயே இன்ஸ்டால் பண்ணுவாங்க. அது வேண்டவே வேண்டாம்.

எது திரும்பி வரும், எது வராது

மூணு இடத்தையும் தனித்தனியா பாத்தேன்.

போன்ல வாய்ப்பே இல்ல. உள்ள இருக்கிறது ஃபிளாஷ் மெமரி, அழிச்ச பிளாக்க டிரிம் கமாண்ட் வழியா போனே சுத்தம் பண்ணிடும், அதோட இப்போ வர்ற ஆண்ட்ராய்டு எல்லாம் ஃபைல் ஃபைலா என்கிரிப்ட் பண்ணி வைக்குது. அழிச்ச போட்டோவ மீட்டுத் தரேன்னு சொல்ற ஆப் பெரும்பாலும் கேஷ்ல கெடக்கிற சின்ன தம்ப்நெய்லத்தான் காட்டும், அதுக்கு காசு குடுக்காதீங்க. எஸ்.எஸ்.டி.க்கும் இதே நிலைமைதான். சுத்துற ஹார்ட் டிஸ்க்குக்கும் பழைய மெமரி கார்டுக்கும்தான் நம்பிக்கை வைக்கலாம்.

பைல இருந்த முதல் டிஸ்க்கும் போச்சு. காரணம் தொட்டில் கேமரா, ராத்திரி பகலா அதே டிஸ்க்ல எழுதிக்கிட்டே இருந்துச்சு, பத்து நாள்ல காலியான இடத்த கிட்டத்தட்ட முழுசா மிதிச்சிருச்சு.

மிச்சம் ரெண்டாவது டிஸ்க். அதுல தினம் ராத்திரி எழுதுறது கொஞ்சம்தான், ஆனா ஞாயித்துக்கிழமை தோறும் என் லேப்டாப் இமேஜ் (மொத்த டிஸ்க்கோட நகல், ஒரே ஃபைலா) ஒண்ணு விழும், 9ந்தேதி ஒண்ணு, 16ந்தேதி ஒண்ணு விழுந்திருக்கு. அது எவ்வளவ மிதிச்சிருக்கோ தெரியாது. புதுசா ஒரு டிஸ்க் வாங்கிட்டு வந்து, ஜி.என்.யூ. டிடிரெஸ்க்யூ வச்சு முழு டிஸ்க்கையும் ஒரு இமேஜா எடுத்தேன், ஆறு மணி நேரம் ஓடுச்சு. இனிமே எல்லா வேலையும் அந்த இமேஜ் மேலதான், ஒரிஜினல் டிஸ்க்க தொடவே கூடாது. அப்புறம் போட்டோரெக்.

போட்டோரெக் பத்தி கொஞ்சம் சொல்லணும். கிறிஸ்தோஃப் கிரெனியேன்னு ஒருத்தர் எழுதி இலவசமா குடுத்த சாஃப்ட்வேர், டெஸ்ட்டிஸ்க்ங்கிற இன்னொரு ரெக்கவரி டூல் கூடவே வரும். இது ஃபைல் சிஸ்டத்த நம்பாது. டிஸ்க்க முதல்ல இருந்து கடைசி வரைக்கும் பிளாக் பிளாக்கா படிச்சுக்கிட்டே போகும், ஜேபெக் ஃபைல் எல்லாம் எஃப்எஃப் டி8 எஃப்எஃப்னுதான் ஆரம்பிக்கும், அந்த மூணு பைட்ட பாத்தா இங்க ஒரு போட்டோ ஆரம்பிக்குதுன்னு புடிச்சுக்கும். பேர், தேதி, ஃபோல்டர் எதுவும் திரும்ப வராது. ஒரு எழுத்து, ஒரு நம்பர், அதுதான் பேர், ஒரு ஃபோல்டருக்கு 500ன்னு கொட்டி வச்சிருக்கும். போட்டோக்குள்ள பொதிஞ்சிருக்கிற குட்டி தம்ப்நெய்லையும் தனியா எடுத்து வைக்கும். எனக்கு சாதகமா ஒரு விஷயம் இருந்துச்சு, இந்த டிஸ்க் ஜனவரில புதுசா இருந்தப்ப ஒரே மூச்சுல காப்பி ஆனது, அதனால ஃபைல் எல்லாம் துண்டு துண்டா சிதறாம தொடர்ச்சியா இருந்துச்சு.

ஆனா எத்தனை வரணும்னு எப்படி தெரியும்? ஆர்சிங்க் லாக். 9ந்தேதி காலைல 2.30க்கு அது எழுதி வச்ச லாக்ல அழிச்ச ஒவ்வொரு ஃபைலும் பேரோட இருந்துச்சு, 9,214 வரி. எல்லாத்தையும் அழிச்ச அதே ஸ்கிரிப்ட்தான் என்னென்ன அழிஞ்சுதுங்கிற பட்டியலையும் குடுத்துச்சு. எங்க போன் வைக்கிற பேர்லயே வருஷம், மாசம், தேதி, மணி, நிமிஷம், செகண்ட் எல்லாம் இருக்கு. ஃபில் ஹார்வியோட எக்ஸிஃப்டூல் வச்சு, போட்டோக்குள்ள இருக்கிற எடுத்த நேரத்த படிச்சு மறுபடி அதே பேர் வச்சு, லாக்கோட ஒப்பிட்டேன். போட்டோ 7,962 வந்துச்சு.

வீடியோல ஒரு நாள் முழுக்க முட்டிக்கிட்டேன். ஒண்ணுகூட லாக்கோட பொருந்தல. அப்புறம் பாத்தா எல்லாம் அஞ்சரை மணி நேரம் பின்னாடி. எம்பி4 ஃபைல்ல நேரத்த யூ.டி.சி.லதான் (உலகப் பொது நேரம்) எழுதணும், போட்டோல உள்ளூர் நேரம். பேர்ல இருக்கிறதும் உள்ளூர் நேரம். எக்ஸிஃப்டூல்ல அதுக்குன்னு ஒரு குவிக்டைம் யூ.டி.சி. ஆப்ஷன் இருக்கு, அத போட்டதும் வரிசையா பொருந்த ஆரம்பிச்சுது. 291 வீடியோ ஓடுச்சு.

மிச்சத்துல சிலது ஃபைல் இருக்கு, ஆனா ஓடல. எந்த ஃப்ரேம் எங்க இருக்குன்னு சொல்ற அட்டவணை (மூவ்னு சொல்வாங்க) போன் எடுக்கிற வீடியோல கடைசிலதான் எழுதப்படும், அந்த வால் பகுதிய லேப்டாப் இமேஜ் மிதிச்சிருந்தா மொத்த வீடியோவும் ஊமையாயிடும். அன்ட்ரங்க்னு ஒரு டூல், அதே போன்ல எடுத்த நல்ல வீடியோ ஒண்ண மாதிரியா குடுத்தா அத வச்சு அட்டவணைய திரும்ப கட்டப் பாக்கும். 37 வீடியோ அப்படி எந்திரிச்சுது.

அம்மா போன்

இன்னும் 768 போட்டோவும் 156 வீடியோவும் இல்ல. வியாழக்கிழமை ராத்திரி அம்மாவுக்கு போன் பண்ணி நடந்தத சொன்னேன். பாளையங்கோட்டைல தனியா இருக்காங்க.

"நீ அனுப்புனது ஒண்ணும் நான் அழிக்கலய்யா, எல்லாம் அப்படியே கெடக்கு."

அந்த வருஷம் பொங்கலுக்கு போனப்ப அவங்க போன் மெமரி ஃபுல்லாகி ஸ்லோவா இருந்துச்சு, எல்லாம் என்கிட்ட இருக்கும்மா, அழிச்சிருவோமான்னு கேட்டேன். "இருக்கட்டும்யா, அது என் போன்ல கெடக்கட்டும்"னு போன வாங்கி மடியில வச்சுக்கிட்டாங்க. அத அன்னைக்கு பெருசா எடுத்துக்கல. இன்னைக்கு நெனச்சா, அந்த மொத்த செட்டப்லயும் சரியான முடிவு எடுத்த ஒரே ஆள் எங்கம்மா.

திரும்ப அனுப்புங்கம்மான்னு சொல்லல. வாட்ஸ்அப்ல திரும்ப அனுப்பினா திரும்ப ஒரு தடவை அமுக்கும், ஏற்கனவே அமுங்கினது. வெள்ளிக்கிழமை ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ் புடிச்சு, சனிக்கிழமை காலைல கேபிள் போட்டு வாட்ஸ்அப் மீடியா ஃபோல்டர அப்படியே லேப்டாப்புக்கு இழுத்தேன். காலை வணக்கம், முருகன், ரோஜாப்பூ எல்லாம் சேர்ந்து ஆயிரக்கணக்குல. வாட்ஸ்அப் அனுப்பும்போது எடுத்த நேரத்த எல்லாம் உரிச்சு எடுத்துடும், ஃபைல் பேர்ல இருக்கிற தேதி வந்து சேர்ந்த தேதிதான். அதனால தேதி தெரியாத போட்டோவுக்கு அம்மாவ பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டேன். கண்ணாடிய துடைச்சுப் போட்டுக்கிட்டு ஒவ்வொண்ணா சொன்னாங்க. "இது பிள்ளைக்கு மொட்டை போட்டு மூணாவது நாளு, தலையில சந்தனம் இன்னும் போவல பாரு." "இது நீ ஆபீஸ்ல இருந்து வர நேரமாச்சுன்னு அவ அழுதாளே, அன்னைக்கு உன் பொண்டாட்டி அனுப்புனது." "இந்தச் சட்டை நான் எடுத்துக் குடுத்தது, ஒரு மாசத்துல பத்தாமப் போயிருச்சு, அப்ப இது சித்திரைக்கு முன்னாடி." நான் டைப் பண்ணிக்கிட்டே இருந்தேன். மத்தியானம் சாப்பிட எந்திரிக்கல ரெண்டு பேரும். லாக்கோட ஒப்பிட்டுப் பாத்தப்ப அவங்க சொன்ன நாள் பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள் முன்ன பின்னதான்.

412 போட்டோ, 88 வீடியோ அங்க இருந்து வந்துச்சு. சின்ன சைஸ், மங்கலா இருக்கும், இருக்கட்டும். மொத்தக் கணக்கு, 356 போட்டோவும் 68 வீடியோவும் இல்ல.

எதனால

ஆர்.சி.ஏ.ல ஒரு விதி உண்டு, மனுஷன் தப்பு பண்ணிட்டான்னு எழுதி முடிக்கக் கூடாது. களைப்பா இருக்கிற ஒரு ஆள் ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஒரு பட்டன அமுக்குறது நாளைக்கும் நடக்கும், அது அமுங்கினா என்ன ஆகும்ங்கிறதுதான் கேள்வி. என் மனைவி என்னை ஒரு வார்த்தை சொல்லல, ஆனா ரெண்டு நாள் கழிச்சு அவ கேட்டது சரியான கேள்வி: "மூணு இடத்துல இருக்குன்னு சொன்னீங்களே, அப்புறம் எப்படி ஒரே தடவைல போகும்?"

பதில் இதுதான். மூணு இடத்துல இருந்துச்சு, ஆனா மூணும் ஒரே கயித்துல கட்டியிருந்துச்சு. சிங்க்குங்கிறது ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும்ங்கிற வேலை. பேக்கப்ங்கிறது ஒரு பக்கம் என்ன ஆனாலும் இன்னொரு பக்கம் பழையபடி இருக்கணும்ங்கிற வேலை. ரெண்டும் நேர் எதிர். நாங்க பேக்கப் சாஃப்ட்வேர் இல்லன்னு சிங்க்திங்காரங்களே தங்களோட கேள்வி பதில் பக்கத்துல தெளிவா எழுதி வச்சிருக்காங்க. நான் பயந்ததெல்லாம் டிஸ்க் சாகுறதுக்கும் தண்ணி ஏறுறதுக்கும். அழி அப்படிங்கிற கட்டளைக்கு நான் எந்த அணையும் கட்டல. அந்தக் கட்டளை போய் சேர முடியாத ஒரே இடம் அம்மா போன்.

பெரிய இடத்துலயும் இப்படித்தான் நடந்திருக்கு. 2017 ஜனவரி 31, கிட்லேப்ல (புரோகிராமர்கள் கோட் சேமிச்சு வைக்கிற தளம்) ஒரு இன்ஜினியர் ராத்திரி நேரத்துல ரெண்டாவது டேட்டாபேஸ் சர்வர்ல அழிக்க வேண்டியத முதல் சர்வர்ல அழிச்சுட்டார். ஒண்ணு ரெண்டு செகண்ட்ல நிறுத்திட்டார், ஆனா 300 ஜிபில மிஞ்சினது 4.5 ஜிபி. சரி பேக்கப் இருக்கேன்னு போனா, டேட்டாபேஸ் வெர்ஷன் 9.6, பேக்கப் டூல் 9.2, அதனால பேக்கப் ரொம்ப நாளா ஓடவே இல்ல, ஓடலன்னு வந்த மெயிலும் மெயில் சர்வர்லயே திருப்பி அடிக்கப்பட்டிருக்கு. கடைசில காப்பாத்தினது டெஸ்டிங்க்காக ஒருத்தர் ஆறு மணி நேரம் முன்னாடி கையால எடுத்து வச்ச ஸ்நாப்ஷாட், அந்த நிமிஷத்துல டேட்டா எப்படி இருந்துச்சோ அந்த நகல். இதெல்லாத்தையும் அவங்களே ஒளிக்காம எழுதினாங்க, அந்த நேர்மைக்கு எனக்கு இன்னமும் மரியாதை.

1998ல பிக்சார்ங்கிற அனிமேஷன் கம்பெனில ஒரு படத்தோட ஃபைல்கள் தவறான கமாண்ட்ல அழிய ஆரம்பிச்சப்பவும் பேக்கப் வேலை செய்யல. கேலின் சுஸ்மன்கிற டெக்னிக்கல் டைரக்டர் வீட்ல ஒரு காப்பி இருந்துச்சு. ஏன் வீட்ல இருந்துச்சுன்னா அவங்களுக்கு அப்பதான் குழந்தை பொறந்திருந்தது, வீட்ல இருந்து வேலை பாத்துக்கிட்டிருந்தாங்க. அந்த மெஷின போர்வைல சுத்தி கார்ல எடுத்துட்டு வந்தாங்க. நெல்லை எக்ஸ்பிரஸ்ல திரும்பி வரும்போது லேப்டாப் பைய மடியிலயே வச்சுக்கிட்டு நான் இத நெனச்சுக்கிட்டே வந்தேன்.

இப்போ என்ன மாத்தியிருக்கோம்

சிங்க்திங்க வச்சிருக்கேன், அது நல்ல சாஃப்ட்வேர். அதிகாரப்பூர்வ ஆண்ட்ராய்டு ஆப் 2024 டிசம்பரோட நின்னுடுச்சு, இப்போ வேற ஆளுங்க அதே கோட வச்சு நடத்துற ஃபோர்க் ஆப்தான். பை பக்கத்துல ஸ்டாகர்டு வெர்ஷனிங் ஆன் பண்ணியிருக்கேன், போன்ல அழிச்சா பைல அந்த ஃபைல் தனி ஃபோல்டருக்கு போகும், அதிகபட்ச வயசுக்கு பூஜ்யம் போட்டா கெடு இல்லாம இருக்கும். இதுல ஒரு பொறி இருக்கு, ஃபோல்டர ரிசீவ் ஒன்லின்னு மாத்தினா போதும்னு பலர் நெனைக்கிறாங்க, போதாது. பை பக்கத்து மாற்றம் போனுக்குப் போகாதே தவிர, போன்ல அழிச்சது பைல அழியத்தான் செய்யும்.

ஆர்சிங்க் ஓடுறவங்க இன்னைக்கே ஒரு வேலை பண்ணுங்க, மேக்ஸ் டெலீட்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதுல 50ன்னு போடுங்க. அம்பதுக்கு மேல அழிக்கணும்னு வந்தா அதோட அழிக்கிறத நிறுத்திட்டு 25ங்கிற எரர் கோடோட வெளிய வரும். அந்தக் கோட் வந்தா என் டெலிகிராமுக்கு மெசேஜ் வர்ற மாதிரி ஸ்கிரிப்ட்ல ஒரு வரி சேர்த்திருக்கேன். இந்த ஒரு வரி ஜூன் 9 காலைல இருந்திருந்தா நான் இத எழுத வேண்டியிருந்திருக்காது.

அதுக்கு மேல ரெஸ்டிக், இது நிஜமாவே பேக்கப் சாஃப்ட்வேர். தினம் ஒரு ஸ்நாப்ஷாட், பழைய ஸ்நாப்ஷாட்ட புதுசு எதுவும் பண்ணாது, மாறாத ஃபைல திரும்ப சேமிக்காததால இடமும் அதிகம் புடிக்காது. என்கிரிப்ட் ஆனது, பாஸ்வேர்ட் போனா எல்லாம் போச்சு, அதனால அத பேப்பர்ல எழுதி இங்க எல்.ஐ.சி. ஃபைல்ல ஒண்ணு, அம்மா பீரோல ஒண்ணு.

மூணு காப்பி, ரெண்டு விதமான மீடியா, ஒண்ணு வெளிய இருக்கணும்னு போட்டோகிராஃபர் பீட்டர் குரோ பரப்பின 3-2-1 கணக்குல எனக்கு இல்லாதது அந்த கடைசி ஒண்ணு. இப்போ ஒரு டிஸ்க் பாளையங்கோட்டைல, கேபிள் சொருகாம. பொங்கலுக்கும் கோடை லீவுக்கும் தீபாவளிக்கும் போறப்ப மாத்திட்டு வரேன். ஆனா 2023 டிசம்பர்ல சென்னைல 4ந்தேதி தண்ணின்னா, 18ந்தேதி நெல்லை ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணி, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பேஞ்சுது. ரெண்டு ஊரும் ஒரே மாசத்துல. அதனால அம்மா வீட்ல டிஸ்க் மாடி ரூம்ல, மேல் தட்டுல, இது போக ரெஸ்டிக்ல இருந்து ஒரு காப்பி காசு கட்டி கிளவுட்லயும் போகுது.

அம்மாவுக்கு முக்கியமான போட்டோவ டாக்குமென்ட்டா அனுப்புறேன், அப்போ அமுங்காது, எடுத்த நேரமும் உள்ளயே இருக்கும். 2023ல வந்த ஹெச்.டி. ஆப்ஷன் பரவால்ல, ஆனா அதுவும் ஒரிஜினல் இல்ல. அவங்க போனுக்கு பெரிய மெமரி கார்டு ஒண்ணு போட்டுக் குடுத்தேன்.

மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை ரெஸ்டோர் டெஸ்ட். ஓடுச்சான்னு மட்டும் பாத்தா கிட்லேப் கதைதான், திரும்ப எடுத்துப் பாக்கணும். பொண்ணுதான் தேதி சொல்லுவா, அவளுக்கு தெரிஞ்ச நம்பர்ல ஏதாவது ஒண்ணு, "அஞ்சு", "எட்டு"ன்னு. அந்தத் தேதி போட்டோவ ரெஸ்டிக்ல இருந்து எடுத்து டேப்லெட்ல காட்டணும். போன மாசம் வந்தது அவ என் ஹெட்செட்ட தலையில மாட்டிக்கிட்டு லேப்டாப் முன்னாடி உக்காந்திருக்கிறது. "குட்டி பாப்பா ஆபீஸ் போறா"ன்னா.

வராத 68 வீடியோல ஒண்ணு 41 செகண்ட், லாக்ல பேர் இருக்கு, 2022 செப்டம்பர், காலை 9.26. ஸ்டேண்டப் காலுக்கு (டீம் தினம் பேசுற சின்ன மீட்டிங்) நாலு நிமிஷம் முன்னாடி, கதவ தள்ளிக்கிட்டு தவழ்ந்து உள்ள வந்து முதல் தடவை "ப்பா"ன்னா. துண்டு துண்டா இமேஜ்ல எங்கயோ இருக்கலாம். அன்ட்ரங்க் புது வெர்ஷன் வரும்போதெல்லாம் ஒரு தடவை ஓட்டிப் பாக்குறேன். அந்த 2 டெராபைட் இமேஜ் ஃபைல் ஒரு டிஸ்க்க முழுசா அடைச்சுக்கிட்டு இருக்கு. அது அப்படியே இருக்கட்டும்னு விட்டிருக்கேன்.